பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது

நான் வண்டி ஓட்டுகிறவன்.
எலியேசெர் என்ற என் பெயர்
மூன்றாம் நாளுக்குள் அவர்கள் வாயில் பாதியாகிவிடும்.
பதினான்கு பேர். எல்லாரும் ஹாலந்து.
எல்லாரும் முழங்காலில் ஏதோ ஒரு சிகிச்சை முடித்தவர்கள்.
கழுத்தில் பைனாகுலர், சட்டையில் கொசுத்தைல வாசம்.
காடு பார்க்க வந்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பட்டியல்.
யோர்லேனி வாசிப்பாள்,
பல்வைத்தியர் வீம் பென்சிலால் டிக் அடிப்பார்.
மஞ்சள்தொண்டை டூக்கான், கண்டோம்.
ஓசனிச்சிட்டில் ஒன்பது வகை, கண்டோம்.
பெரிய பச்சை மக்காவ், சத்தம் மட்டும்.
சத்தத்துக்குச் சின்ன வட்டம் போட வேண்டும்;
வட்டமா டிக்கா என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும்.
மூலை மேசையில் நான்
சோறும் கறுப்பு அவரையும் தின்றபடி கேட்டிருப்பேன்.
அதில் பாதியை முதலில் பார்த்தவன் நான்.
சாலையைப் பார்க்கிறவன் கண்ணுக்குத் தப்பி
எது குறுக்கே போய்விடும்?

ஐந்தாம் நாள், சராபிக்கி தாண்டி வடக்கே,
அந்த ஒரு மணி நேரம் வரும்.
"எலியேசெர், கொஞ்சம் வேகமாக" என்பாள் யோர்லேனி.
மைக்கை அணைத்துவிடுவாள்.
இருபக்கமும் அன்னாசி.
சீப்பால் வாரிவிட்டதுபோல
வானம் தொடும்வரை அன்னாசி. பேருக்கு ஒரு மரம் இல்லை.
திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள்.
இங்கே என்ன பறவை என்று
எப்போதாவது யாராவது கேட்பார்கள்.
"இங்கே ஒன்றுமில்லை."
ஒன்றுமில்லாத அந்த இடத்தில்
இடப்புறம் மூன்றாவது தகரக்கூரை என் வீடு.
ஹாரன் அடிப்பதில்லை. வேலை நேரம்.

இம்முறை பஞ்சர்.
அங்கேயேதான்.
ஸ்டெப்னிக்கும் காற்றுப் போதவில்லை,
என் தப்பு, மறைக்க என்ன இருக்கிறது.
நான் கால்பம்பை மிதிக்க
பதினான்கு பேரும் வெயிலில் இறங்கி நின்றார்கள்,
பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்தவர்கள்போல.

வரிசைகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி வந்தாள்.
முகமெல்லாம் துணி, கண் மட்டும் வெளியே.
முழங்கைவரை கையுறை, இடுப்பில் வெட்டுக்கத்தி.
வீம் பைனாகுலரைத் தூக்கி அவளைப் பார்த்தார்,
பத்தடி தூரத்தில்.
பழக்கதோஷம்.
"என்ன பார்க்கிறான் இந்தக் கிழவன்?" என்றாள் என்னிடம்.
என் அண்ணி, தாமாரிஸ்.
"பறவைக்காரர்களா? வரச் சொல்."

நாற்பத்தேழாம் வரிசையின் முனையில்
ஒரு குச்சி. குச்சியில் கிழிந்த சிவப்புச் சட்டை,
அண்ணனுடையது, அந்தப் பொத்தானை எனக்குத் தெரியும்.
கீழே மண். மண்ணும் சருகும்.
பிறகு
மண் ஒரு கண்ணைத் திறந்தது.

குயேயோ.
இரவெல்லாம் தன் பெயரைத் தானே கூப்பிடும் பக்கி.
அடியில் இரண்டு முட்டை.
மூச்சுவிடவும் யோசித்து நின்றார்கள்.

"மருந்தடிக்கும் மெஷின் சுற்றிப் போகட்டும் என்று நட்டேன்."
போகுமா என்று கேட்டாள் ஹன்னெகே.
"ஓட்டுகிறவன் யார் என்பதைப் பொறுத்தது."
யோர்லேனி அதை மொழிபெயர்த்தபோது
இன்னும் நீளமாக, இன்னும் இதமாக
வேறெதுவோ ஆகிப் போய்ச் சேர்ந்தது.

அன்றிரவு பட்டியல்.
பக்கி என்று வாசித்ததும்
வீம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.
"ஏற்கெனவே இருக்கிறது.
இரண்டாம் நாள், ஹெட்லைட் வெளிச்சத்தில்."
மொத்தம் நூற்று எண்பத்தேழு. மாற்றமில்லை.
ஹன்னெகே பென்சிலைப் பிடுங்கி
அதே கட்டத்தில் இன்னொரு டிக் அடித்தாள்.
அவள் கைகழுவப் போனபோது
வீம் அதை ரப்பரால் அழித்தார், மெதுவாக,
காகிதம் கசங்காமல்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த குழு. பதினாறு பேர்.
"கொஞ்சம் வேகமாக" என்றாள் யோர்லேனி.
அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறக்கினேன்.
குச்சி நிற்கிறது. சிவப்பு வெளுத்திருக்கிறது.
ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால்
மண் மண்ணாகத்தான் தெரிகிறது.
அது இருந்தாலும் அப்படித்தான் தெரியும்,
இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

தாமாரிஸிடம் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவாள்.